மூலப் பக்கம் வீட்டில், நகல் ஊர் ஊராக

கேள்வி: என் தாய்மாமா வார இதழ்களுக்குப் படக்கதை வரைந்தவர். அவர் கையால் வரைந்த பக்கங்கள் கொஞ்சம் இருக்கின்றன. கூடவே ஒரு டிரங்குப் பெட்டி நிறைய முத்து, லயன், ராணி காமிக்ஸ். ஏற்காட்டில் எங்கள் வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அங்கே சிறு காமிக்ஸ் அருங்காட்சியகம் தொடங்க ஆசை. வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் இந்தக் கலையை உள்ளூரிலும் வெளியூரிலும் எப்படிக் கொண்டுசெல்கின்றன? பக்கங்களை லேமினேட் செய்து மாட்டலாமா? (வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்)

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அவசரம் அதில்தான். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க நினைத்தால் தாளும் மையும் சேர்ந்தே வரும். பழைய செல்லோடேப் ஒட்டியிருந்தால் அதையும் நீங்களாக உரிக்க வேண்டாம்.

அடுத்து, ஏற்காடு. மழைக்காலத்தில் அங்கே அலமாரியில் மடித்து வைத்த துணியே பூசணம் பிடிக்கும். பூட்டிய வீட்டில் தாள் என்ன பாடுபடும்! காகிதத்துக்கு ஈரப்பதம் ஏறத்தாழ 50 சதவீதத்தில், பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். எனவே மாமாவின் பக்கங்கள் சேலத்திலேயே இருக்கட்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இல்லாத, வெயில் உள்ளே விழாத ஓர் அறை போதும். பகலெல்லாம் ஏசி போட்டு இரவில் அணைப்பதைவிட மின்விசிறி மேல். பெட்டியிலுள்ள புத்தகங்களின் துருப்பிடித்த பின்களைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைத்து வையுங்கள்.

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் 1989-இல் திறந்த காமிக்ஸ் அருங்காட்சியகம் உங்களுக்கு நல்ல முன்மாதிரி. கட்டடக் கலைஞர் விக்டர் ஹோர்டா ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்காக வடிவமைத்து 1906-இல் திறந்த கடை அது. பாழடைந்து கிடந்ததை மீட்டெடுத்தார்கள். டின்டினும் லக்கி லூக்கும் அவர்கள் ஊர்ப் பிள்ளைகள். நாயகர்களின் பொம்மைகளை வைத்தே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர்களோ ஒரு பக்கம் எப்படிப் பிறக்கிறது என்பதைக் காட்டுகிறார்கள்: கதைக் குறிப்பு, பென்சில், மை, வண்ணம், அச்சு. அந்த ஊர்ச் சுவர்களில் 1991 முதல் காமிக்ஸ் ஓவியங்கள் பெரிதாகத் தீட்டப்பட்டு வருகின்றன. டிக்கெட் வாங்காதவரும் தெருவில் நடந்தபடியே அவற்றைப் பார்த்துவிடுகிறார்.

நீங்களும் நாயகர்களின் பிளக்ஸ் பலகையில் பணத்தைக் கொட்டாதீர்கள். மாமாவின் ஒரு பக்கத்தை ஜன்னலோரம் சாய்த்துப் பாருங்கள். மைக்கோட்டின் அடியில் இளநீலப் பென்சில் தெரியலாம். பிளாக் (அச்சுக்கான தகடு) எடுக்கும் கேமராவில் அந்த நீலம் பதியாது. அதனால் பலர் அதை அழிக்காமலே விட்டார்கள். எங்காவது ஒரு மூக்கின் மேல் வெள்ளை பூசித் திருத்தியிருப்பார். பலூனுக்குள் வரும் வசனத்தை வேறு தாளில் எழுதி ஒட்டியிருந்தால், பசை காய்ந்து ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும். ஓரத்தில் அச்சகத்துக்கு எழுதிய அளவுக் குறிப்பு இருக்கக்கூடும். அச்சாகி வந்த இதழில் இதில் ஒன்றும் தெரியாது. மூலப் பக்கத்தையும் அச்சான பக்கத்தையும் அருகருகே வைத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விஷயம் பிடிபட்டுவிடும். வெளிச்சம் மட்டும் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றுங்கள்.

ஜப்பானின் கியோட்டோவில் 2006-இல், மூடப்பட்ட ஒரு தொடக்கப் பள்ளிக் கட்டடத்தில் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) அருங்காட்சியகம் திறந்தார்கள். சுவரெல்லாம் அலமாரி. அவற்றிலுள்ள சுமார் 50,000 புத்தகங்களில் எதை வேண்டுமானாலும் எடுத்து, வெளியே புல்தரையில் படுத்துக்கொண்டே வாசிக்கலாம். ஏற்காட்டு வீட்டுக்குப் பொருத்தமான யோசனை இது. உங்களிடம் இரண்டு பிரதி உள்ள இதழ்களையும் இப்போது கடையில் கிடைக்கும் மறுபதிப்புகளையும் அங்கே வையுங்கள், கிழிந்தால் கிழியட்டும். மே மாதக் கோடை விழாவுக்கு வரும் குடும்பங்கள் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று ஓடுகிறவர்கள். அவர்களிடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மற்ற மாதங்களில் மாமாவின் பக்கங்களை நகலெடுத்து அச்சிட்ட பலகைகளைப் பள்ளிகளுக்கும் சேலம் புத்தகத் திருவிழாவுக்கும் அனுப்புங்கள்.

வெளிநாட்டுக்கும் இதே வழிதான். மூலத்தை அனுப்பினால் காப்பீடு, சுங்கம், பெட்டி கட்டும் செலவு என்று நீளும். தரமான ஸ்கேன் கோப்பை அனுப்பினால் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ அவர்களே அச்சிட்டு மாட்டிக்கொள்வார்கள். விளக்கம் தமிழோடு அந்த ஊர் மொழியிலும் இருக்கட்டும். பிரஸ்ஸல்ஸில் பிரெஞ்சு, டச்சு, ஆங்கிலம் மூன்றிலும் வைத்திருக்கிறார்கள். மூலமே போயாக வேண்டும் என்றால், தற்காலிகமாக எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவர ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணம் உண்டு. இந்தியாவில் அதை ஃபிக்கி என்ற தொழில் வணிகக் கூட்டமைப்பு வழங்குகிறது.

வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்கு எழுதும்போது அவர்களிடம் இல்லாததைச் சொல்லுங்கள். 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி என்ற பிரிட்டிஷ் நாயகனோடு தொடங்கியது. லக்கி லூக்கும் முத்து, லயன் இதழ்களின் ஊரான சிவகாசியில்தான் தமிழ் பேசக் கற்றார். அயல் கதை தமிழில் வந்த இதழும், அதே காலத்தில் நம் ஓவியர் சொந்தமாக வரைந்த பக்கமும் ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தால், பிரஸ்ஸல்ஸ்காரர் நின்று பார்ப்பார் என்பது என் கணிப்பு.

ஸ்கேன் எடுத்துப் பரப்பும் முன் பதிப்புரிமையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தாள் உங்கள் கையில் இருப்பதாலேயே நகலெடுக்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. ஓவியர் வாழ்நாளும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். மாமா இதழில் சம்பளத்துக்கு வரைந்தாரா, பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கினாரா, எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் உண்டா என்று தேடுங்கள். உரிமை யாருக்கு என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. மாமாவின் வாரிசுகள் எல்லோரிடமும், தேவைப்பட்டால் இதழிடமும், கண்காட்சி, அச்சு, இணையம் மூன்றையும் தனித்தனியே குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.