பியானோவில் சர்ச் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு வாரமாக ஜாஸ் பியானோ கலைஞர் மல்க்ரூ மில்லரைத்தான் கேட்கிறேன். சர்ச்சில் வளர்ந்த கை என்றீர்கள். எனக்குக் கேட்பதெல்லாம் வேகமான, சுத்தமான ஜாஸ்தான், காஸ்பலை, அதாவது கறுப்பின மக்களின் சர்ச் இசையைக் காணோம். புதிதாக ஒன்றும் செய்யாதவர் என்று ஒரு குறையும் படித்தேன். உண்மையா?

க., திருச்சி

அன்புள்ள க.,

நீங்கள் தேடுவது பியானோ கலைஞர் பாபி டிம்மன்ஸின் ‘மோனின்’ என்ற ஜாஸ் உருப்படி மாதிரி ஒன்றை. பியானோ ஒரு வரி கேட்க, குழு இரண்டே கார்டில் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கொத்தில்) ‘ஆமென்’ என்று பதில் சொல்லும். அந்த ஆமெனை நீங்களே கீபோர்டில் வாசித்துப் பார்க்கலாம்: சி, எஃப், ஏ மூன்றையும் அழுத்துங்கள், சி-யை விடாமல் எஃப்-ஐ ஈ-க்கும் ஏ-வை ஜி-க்கும் இறக்குங்கள். நம்மூர் சர்ச்சில் பாட்டு முடிந்ததும் வருகிற அதே ஆமென்தான். மில்லர் இதை இவ்வளவு வெளிப்படையாகச் செய்வது குறைவு.

அவரிடம் சர்ச் இருப்பது பக்கவாத்தியத்தில். 1955-இல் மிசிசிப்பியின் கிரீன்வுட்டில் பிறந்தவர், 6 வயதிலேயே சர்ச் பாட்டுகளைக் காதால் கேட்டே வாசித்தவர். அந்த மாதிரி சர்ச்சில் யாரும் சுருதி சொல்லிவிட்டுப் பாட ஆரம்பிப்பதில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து தன் தொண்டைக்கு வந்த இடத்தில் எடுத்துவிடுவார், இரண்டு சொல்லுக்குள் பியானோக்காரர் அதைப் பிடித்தாக வேண்டும், அவர் நீட்டினால் நீட்ட வேண்டும், அழுதால் காத்திருக்க வேண்டும். பாடுகிறவரை மீறி நாலு ஸ்வரம் அதிகம் போட்டால் சபையே திரும்பிப் பார்க்கும். இப்படிப் பழகிய கையை யார்தான் விடுவார்கள்? பாடகி பெட்டி கார்ட்டர், டிரம்பெட் கலைஞர் வுடி ஷா, டிரம்ஸ் கலைஞர்கள் ஆர்ட் பிளேக்கி, டோனி வில்லியம்ஸ் என்று வரிசையாகக் கூப்பிட்டார்கள். 400-க்கும் மேற்பட்ட பதிவுகளில் அவர் இருக்கிறார், பெரும்பாலும் பிறருக்குப் பின்னால்.

வேகம் ஜாஸ் பியானோ மேதை ஆஸ்கார் பீட்டர்சனிடமிருந்து வந்தது. 14 வயது வாக்கில் டிவியில் அவரைப் பார்த்து மிரண்டுபோனார்.

புதுமை விஷயம். விமர்சகர்கள் அப்படிச் சொன்னது உண்மைதான். வித்தியாசமாக எதையாவது செய்தால் பேட்டி எடுக்க வருவார்கள், அதற்காகவே வாசிக்கப்படும் இசைக்கு ‘பேட்டி இசை’ என்று அவரே ஒரு பெயர் வைத்திருந்தார். நான் அவர் கட்சி. (கொஞ்சம் கடுப்பில் சொன்னதுதான், ஆனாலும்.)

மில்லர் ஆசிரியராக இருந்த கதையில் எனக்குப் பிடித்தது ஒன்று. 1973-இல் மெம்ஃபிஸில் படிக்கப் போனபோது இன்னொரு பியானோக்காரர் ஜேம்ஸ் வில்லியம்ஸ் நண்பரானார், அவரும் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். இருவருமே பின்னால் வெவ்வேறு காலத்தில் பிளேக்கியிடம் வாசித்தார்கள். நியூஜெர்சியின் வில்லியம் பேட்டர்சன் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் துறைக்குத் தலைவராக இருந்த வில்லியம்ஸ் 2004-இல் இறந்தார். அடுத்த வருடம் அதே பொறுப்புக்கு மில்லர் வந்தார், 2013-இல் இறக்கும்வரை அங்கேதான்.

சரி, ஒன்று செய்யுங்கள். வுடி ஷாவோடு 1981–83-இல் வாசித்த பதிவு ஏதாவது எடுத்து, டிரம்பெட்டை மறந்துவிட்டு, பின்னால் பியானோ எங்கெல்லாம் வாசிக்காமல் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.