எண்ணெய்க் கிணற்றில் காபனீரொட்சைட்டு: குடிதண்ணீருக்கு என்ன காவல்?

வளைகுடா எண்ணெய் வயல்களில் கிணறுகளுக்குச் சிமெந்து போடும் வேலை பார்த்துவிட்டு மட்டக்களப்பின் கல்லடிக்குத் திரும்பியவன் நான். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ரிஸ்வான், காத்தான்குடி: அபுதாபியில் காபனீரொட்சைட்டை எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்குகிறார்களாம். மேலே வந்து தண்ணீரைக் கெடுக்காதா?

இறக்குவது உண்மை. 2016 முதல் அங்குள்ள உருக்காலையில் பிடிக்கும் வாயுவை எண்ணெய் வயல்களுக்குள் செலுத்துகிறார்கள், எண்ணெயைத் தள்ளி எடுக்க.

ஏறத்தாழ 800 மீற்றருக்குக் கீழே அழுத்தத்தில் அது திரவம் போல அடர்த்தியாகிவிடும். ஆனாலும் அங்குள்ள உப்புத் தண்ணீரைவிடப் பாரம் குறைவு. அதனால் மேலேறத்தான் பார்க்கும். மேலே இறுகிய மூடுபாறை இருந்தால் அடங்கிக் கிடக்கும். ஆபத்து, அந்தப் பாறையில் நாம் போட்ட துளைகளில்தான். இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே ஓரிரு விரல் இடைவெளி இருக்கும். சிமெந்தைக் குழாய் வழியே கீழே அனுப்பி, வெளிப்பக்கமாக மேலே ஏற்றி அதை அடைப்போம். துளையிடும்போது உள்ளே விடும் சேறு சரியாகக் கழுவப்படாவிட்டால் சிமெந்துக்குள் சேற்று வழி ஒன்று நின்றுவிடும். மேலிருந்து பார்க்கிறவருக்கு அது தெரியாது. வாயு தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம். இரும்பையும் சிமெந்தையும் அரிக்கும். நன்னீருக்குள் போய்விட்டால் மண்ணிலும் பாறையிலும் ஒட்டியிருக்கும் ஆசனிக்கையும் ஈயத்தையும் கரைத்துவிடக்கூடும். வாயு வராவிட்டாலும், அழுத்தம் உப்புத் தண்ணீரை மேலே தள்ளலாம்.

ஆகவே முதலில் கைவிட்ட பழைய கிணறுகளைத் தேடுங்கள். எவர் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

அனுஷா, செங்கலடி: இதற்குச் சட்டம் உண்டா?

அமெரிக்காவில் உண்டு. 1974ஆம் ஆண்டின் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2010இல் இந்த வாயுவை நிலத்தடியில் நிரந்தரமாகப் புதைப்பதற்கென்றே ஆறாம் வகுப்புக் கிணறு என்று தனி விதி வந்தது. லீற்றருக்கு 10,000 மில்லிகிராமுக்குக் குறைவாக உப்பு முதலியன கரைந்துள்ள நிலத்தடி நீரையும் அது காக்கிறது. நாம் வாயில் வைக்க முடியாத தண்ணீர்கூட அதில் அடங்கும், நாளைக்குத் தேவைப்படலாம் என்பதால். சுற்றியுள்ள பழைய துளைகளைக் கண்டுபிடித்து, சரியாக அடைக்காதவற்றைத் திருத்த வேண்டும். செலுத்துவதை நிறுத்திய பிறகும் பொதுவாக 50 வருடம் கண்காணிக்க வேண்டும். அதற்கான பணத்துக்கு முன்கூட்டியே உறுதி காட்ட வேண்டும். எண்ணெய் எடுக்கச் செலுத்தும் கிணறுகளோ இரண்டாம் வகுப்பு. அங்கே விதி இளக்கம். ஒரே வாயு, ஒரே பாறை, காவல் மட்டும் குறைவு. இதை நான் ஏற்கவே மாட்டேன்.

நிரோஜன், வாழைச்சேனை: சோடாவில் இருப்பதும் இதுதானே?

ஆம். கேள்வி குடிப்பவரைப் பற்றியதல்ல தம்பி, அது போகும் வழியில் எதைக் கரைக்கிறது என்பது.

பொத்துவிலில் இருந்து ஒருவர்: இங்கேயும் புதைப்பார்களா?

நமக்குக் கீழே மணல், அதன் கீழ் பழைய, இறுகிய கருங்கல் வகைப் பாறை. இதற்கேற்ற படிவுப் பாறை இல்லை. அப்படிப்பட்ட பாறை உள்ளது மன்னார்க் கடலில், 2011இல் எரிவாயு கண்டதும் அங்கேதான்.

சம்மாந்துறை, ஏறாவூர், களுதாவளை: (அதே கேள்வி)

மேலே சொல்லிவிட்டேன்.

விமலா, கல்லாறு: கெட்டால் சுனாமிக்குப் பிறகு செய்தது போல இறைத்துவிடலாமே அண்ணன்?

அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள் தங்கச்சி. நம் கரையோர மணலில் நன்னீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகளில் கீழிருந்து உப்பு ஏறியது.

குகன், ஆரையம்பதி: தவறு. இறைத்ததால்தான் எங்கள் கிணறு மீண்டது.

சேறும் குப்பையும் போக ஒருமுறை இறைத்தது சரியான வேலை. உப்பைக் கழுவியது அடுத்தடுத்து வந்த மாரி மழை.

குகன்: மழை எல்லாக் கிணற்றுக்கும்தானே பெய்தது, பிறகு ஏன் வித்தியாசம்?

நல்ல கேள்வி. மணலின் தன்மை, வாவிக்கும் கடலுக்கும் உள்ள தூரம், எவ்வளவு இறைத்தார்கள் என்பது, எல்லாம் சேரும். ஆனால் விமலா கேட்டதற்கு இதுதான் பதில்: மழை கழுவும் ஆழமில்லாத மணல் நம்முடையது. நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்து நன்னீர்ப் படையை எந்த மாரி கழுவும்?

அனுஷா: அவ்வளவு விதி இருந்தும் எங்காவது கசிந்ததா?

2024இல் இலினோய் மாநிலத்தின் டிகேட்டரில் கசிவு வெளிப்பட்டது. ஆறாம் வகுப்பு அனுமதி பெற்ற இடம். அரித்துப்போனது, காவலுக்கென்று போட்ட கண்காணிப்புக் கிணற்றின் குழாய். குடிதண்ணீரை அது எட்டவில்லை என்றார்கள், செலுத்துவதை நிறுத்தினார்கள். கண்காணிக்கப் போடும் துளையையும் கண்காணிக்க வேண்டும்.

மருதமுனையில் இருந்து: எங்கள் கிணற்றுத் தண்ணீர் மணக்கிறது, இதனாலா?

இல்லை. மலசலகூடக் குழி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சுத்தமான போத்தலில் மாதிரி எடுத்து நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கேளுங்கள். முடிவு வரும்வரை கொதிக்கவைத்துக் குடியுங்கள்.