சோக்கை எடுத்தால் நின்றுபோகும் பிரஷ் கட்டர்: பெட்ரோலை மாற்றினால் சரியாகுமா?

கேள்வி: நான்கு மாதம் சும்மா கிடந்த டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரை எடுத்தேன். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தவுடன் இருமி நின்றுவிடுகிறது. உயர்ரக பெட்ரோல் போட்டால் சரியாகுமா? பெட்ரோலில் கலக்கும் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றலாமா? ஃபோர் ஸ்ட்ரோக் புல்வெட்டி ஒன்றும் இருக்கிறது. அதற்கும் இதே பெட்ரோல்தானா?

பதில்: உயர்ரக பெட்ரோலால் இது சரியாகாது. சோக் போட்டால் காற்று குறைகிறது, அதனால் கலவையில் பெட்ரோலின் பங்கு ஏறுகிறது. அப்போது மட்டும் ஓடுகிறதென்றால் மற்ற நேரத்தில் இன்ஜினுக்கு வேண்டிய பெட்ரோல் போய்ச் சேரவில்லை, அல்லது எங்கோ ஒரு கசிவு வழியாகக் கூடுதல் காற்று நுழைகிறது. அந்த நிலையில் சோக்கைப் பாதி போட்டுக்கொண்டே வேலையை முடித்துவிடலாம் என்று முடுக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்து, பிஸ்டன் கீறல் விழுந்து, இறுகிச் சீஸ் ஆகிவிடும்.

முதலில் டேங்கில் இருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். நிறம் கறுத்து, பெட்ரோல் வாடைக்குப் பதில் வார்னிஷ் வாடை அடித்தால் கெட்டுவிட்டது. அடியில் தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால், எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிரிந்துவிட்டது. 10 சதவீத எத்தனால் கலந்த ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 5 மி.லி. தண்ணீரைத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கும், ஆயில் மேலே பெட்ரோலிலேயே நின்றுவிடும். ஃபில்டர் கிடப்பது டேங்கின் அடியில்! ஆயில் இல்லாத அந்த அடுக்கைத்தான் இன்ஜின் முதலில் உறிஞ்சும்.

பழையதைக் கொட்டிவிட்டுப் புதுக் கலவை ஊற்றியும் அதே கதை என்றால், வளைத்த கம்பியால் டேங்க் ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றுங்கள். கூடவே ஹோஸை வளைத்துப் பார்க்க வேண்டும். எத்தனாலில் ஊறிய ரப்பர் சில நேரம் கொழகொழவென்று ஆகும், சில நேரம் காய்ந்து வெடிக்கும். மயிரிழை வெடிப்பு போதும், பெட்ரோலுக்குப் பதில் காற்று வரும். ஸ்டார்ட் செய்யுமுன் பெட்ரோலை ஏற்ற அமுக்கும் பிரைமர் குமிழை அமுக்கும்போது பெட்ரோலோடு காற்றுக்குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் முதல் சந்தேகம் ஹோஸ் மேல்தான்.

இரண்டும் சரியென்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர். கழற்றுமுன் கேஸ்கெட், டயஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) எந்த வரிசையில் இருக்கின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் இன்ஜின் ஓடாது. நல்ல டயஃப்ரம் துணி போல் துவளும். விரலால் அழுத்தும்போது காகிதம் போல் சலசலத்தால் அதற்கு ஆயுள் முடிந்தது, ரிப்பேர் கிட் வாங்கிப் போடுங்கள். துளைகளில் கார்புரேட்டர் கிளீனர் அடியுங்கள். கம்பியை விடாதீர்கள், பெட்ரோலை அளந்துவிடும் பித்தளை ஜெட் தேய்ந்து துளை பெரிதாகிவிடும். டயஃப்ரத்தைக் கழற்றாமல் காற்றழுத்தம் கொடுத்தால் அது கிழியும். கலவையைத் திருத்தும் எல், எச் ஸ்க்ரூக்களை இதெல்லாம் முடியும்வரை தொட வேண்டாம். நான்கு மாதம் முன்பு சரியாக ஓடிய இன்ஜினில் அவை தாமாகத் திரும்பியிருக்காது.

இனி பெட்ரோல். ஆக்டேன் எண் என்பது தட்டலை (பெட்ரோல் தானாகவே தீப்பற்றி இன்ஜின் தட்டுவதை) தாங்கும் திறன், அவ்வளவுதான். கையேடு கூடுதலாகக் கேட்காதவரை 91 ஆக்டேன் போதும். (அமெரிக்கக் கையேடுகளில் 87 என்று இருக்கும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.) எத்தனால்தான் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான சிறு இன்ஜின்களுக்கு 10 சதவீதம்தான் எல்லை. காரில் கலவையைக் கணினி திருத்திக்கொள்ளும், இங்கே ஜெட் வைத்ததுதான் அளவு. எத்தனால் கூடினால் பெட்ரோல் குறைந்த கலவையாகி இன்ஜின் சூடேறும். உங்கள் பெட்ரோல் பங்க்கில் உயர்ரக பெட்ரோல் எத்தனால் இல்லாமல் கிடைத்தால் அதற்காக வாங்கலாம், எண்ணுக்காக வேண்டாம்.

ஆயிலைக் கூட்டுவது நல்லதல்ல. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 40:1 என்றால் 25, 25:1 என்றால் 40. இயந்திரத்தின் கையேடு சொல்வதே கணக்கு. மிஞ்சிய ஆயில் கரியாகி பிளக்கிலும் சைலன்சர் வலையிலும் அடைக்கும், வேகமே ஏறாது. ஆயில் டப்பாவில் ஜாஸோ எஃப்டி என்ற தரக்குறி இருக்கிறதா பாருங்கள். டிசி-டபிள்யூ3 என்ற தரக்குறி படகு இன்ஜினுக்கு, அது வேண்டாம். தனிக் கேனில் பாதி பெட்ரோல், ஆயில், குலுக்கல், பிறகு மீதிப் பெட்ரோல். டேங்குக்குள்ளேயே கலக்காதீர்கள்.

புல்வெட்டிக்கும் அதே பெட்ரோல்தான், ஆனால் ஆயில் கலக்காதது. அதன் இன்ஜின் ஆயிலைப் புதிதில் 5 மணி நேரத்திலும், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றுங்கள். சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கட்டும். இல்லையென்றால் ஆயில் அதில் இறங்கிவிடும்.

ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் நிறுத்துவதானால் டேங்கைக் காலிசெய்து, ஐடிலில் விட்டு தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். பெட்ரோல் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஸ்டெபிலைசரைப் புதுப் பெட்ரோலில் ஊற்றினால்தான் பயன், கெட்டதை அது மீட்காது.

இவ்வளவும் செய்து, நன்றாக ஓடிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நின்றால், இன்ஜின் ஆறியபின் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, மறுபடி ஸ்டார்ட் ஆனால் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. சில இயந்திரங்களில் அது மூடியிலேயே இருக்கும், சிலவற்றில் டேங்கோடு சேர்ந்த சிறு குழாயில்.