அப்பாவின் மௌனம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடும்பங்களின் மனச்சிக்கல்கள் குறித்து நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாங்கள் பிறந்த நாட்டைவிட்டு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. என் தம்பி ஓராண்டாக யாருடனும் பேசாமல் அறைக்குள் ஒடுங்கிவிட்டதால், மருத்துவர் சொன்னபடி நால்வரும் குடும்ப சிகிச்சைக்குச் சென்றோம். சிகிச்சையாளர் வேற்று இனத்தவர், கனிவானவர். அப்பாவுக்கு இந்நாட்டு மொழி சரளமாக வராது என்பதால் நானே மொழிபெயர்த்தேன். இரண்டாம் அமர்வில் சிகிச்சையாளர் என்னிடம், "அம்மாவும் அப்பாவும் சண்டையிட்டால் தம்பி யார் பக்கம் நிற்பான்?" என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். அதன்பின் அப்பா வாய்திறக்கவில்லை; அடுத்த அமர்வுக்கு வரவும் இல்லை. நாங்கள் எல்லையே இல்லாமல் ஒருவரோடொருவர் பிணைந்திருப்பதுதான் சிக்கல் என்று சிகிச்சையாளர் கருதுகிறார். அப்பாவோ, "நம் மனிதர்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?" என்கிறார். நம் இனத்தவர் ஒருவரைத் தேடுவதுதான் சரியா? அல்லது, பண்பாட்டைச் சாக்காக வைத்து நாங்கள் உண்மையிலிருந்து ஒளிந்துகொள்கிறோமா?

அன்புடன்,
மா.

அன்புள்ள மா.,

உங்கள் கடைசிக் கேள்வி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. நான் சிகிச்சையாளன் அல்லன். இத்துறையின் எழுத்துகளை நெடுநாளாக ஈடுபாட்டுடன் வாசித்து வருபவன் மட்டுமே. ஆகவே உங்கள் தம்பியின் நிலை குறித்தோ, நான் சந்தித்திராத ஒருவரின் திறமை குறித்தோ எதுவும் சொல்லமாட்டேன். அந்த இரண்டாம் அமர்வைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி தற்செயலானதன்று. இத்தாலியின் மிலான் நகரில் குடும்ப சிகிச்சையாளர் மாரா செல்வினி பலாசோலியும் அவருடைய மூன்று சகாக்களும் உருவாக்கி, 1980இல் ஒரு கட்டுரையில் விரிவாக விளக்கிய முறை அது. இருவருக்கிடையே உள்ள உறவைப் பற்றி, அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மூன்றாமவரிடம் கேட்பார்கள். 'எனக்குள் என்ன கோளாறு' என்று ஒருவரையே குடையாமல், வீட்டுக்குள் ஒருவர் செய்வது இன்னொருவரை எப்படி அசைக்கிறது என்பதை அனைவரும் சேர்ந்து காண இது உதவுகிறது. பலருக்குப் பலனளித்த நல்ல முறைதான். ஆனால் பெற்றோரின் உறவைப் பற்றி அவர்கள் முன்னிலையிலேயே மகள் வெளியாளிடம் பேசுவது எல்லாக் குடும்பங்களிலும் வெறும் தகவலாக இருப்பதில்லை. சில வீடுகளில் அது சாட்சியம். போதாக்குறைக்கு, அந்தச் சாட்சியத்தைத் தந்தைக்கு மொழிபெயர்த்துச் சொல்லவேண்டிய பொறுப்பும் உங்கள்மீதே விழுந்தது. பிள்ளை வழியாக மட்டுமே பேசக்கூடிய நிலையில் ஒரு தந்தை அந்த அறைக்குள் நுழையும்போதே வீட்டின் வரிசை தலைகீழாகிவிடுகிறது. இதற்குப் பெரிய பண்பாட்டு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உடனிருந்திருந்தாலே உங்கள் அப்பா தம் குரலில் பேசியிருக்கக்கூடும்.

அடுத்து, 'எல்லையில்லாத பிணைப்பு' என்ற கருத்து. இதை இத்துறையில் நிலைநிறுத்தியவர் சால்வடோர் மினுச்சின். 1921இல் அர்ஜென்டினாவில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர்; 1960களில் நியூயார்க்கின் ஏழைக் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கக் குடும்பங்களோடு பணியாற்றியவர். அளவுமீறிய பிணைப்பும் அளவுமீறிய விலகலும் ஒரு குடும்பம் பழகும் பாணியைக் குறிக்கும் சொற்களே தவிர, நல்ல குடும்பம், கெட்ட குடும்பம் என்று பிரிப்பதற்கானவை அல்ல என்று 1974இல் அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். அந்த எச்சரிக்கை பல அறைகளில் மறக்கப்பட்டு, சொல் மட்டும் நோயின் பெயராகத் தங்கிவிட்டது என்பது என் வருத்தம். இத்துறையின் இன்னொரு முன்னோடியான மர்ரே போவன் முன்வைத்த, குடும்பத்தின் உணர்ச்சிச் சுழலுக்குள் கரைந்துவிடாமல் தனித்து நிற்கும் ஆற்றல் என்ற அளவுகோலும் இப்படித்தான். உறவை அறுத்துக்கொள்வதை அவர் முதிர்ச்சியாகக் கருதியதில்லை. ஆனால் தனிமனிதத் தன்னிறைவைப் போற்றும் சூழலில் வளர்ந்த ஒருவர் கையில் அதே அளவுகோல், சேர்ந்து முடிவெடுக்கும் எந்தக் குடும்பத்தையும் குறையுள்ளதாகக் காட்டிவிடும். அளப்பவருக்கும் ஒரு மரபு உண்டு என்பதை இத்துறை தாமதமாகவே உணர்ந்தது. 1982இல் மோனிகா மெக்கோல்ட்ரிக்கும் இரண்டு சகாக்களும் இனமரபையும் குடும்ப சிகிச்சையையும் இணைத்துத் தொகுத்த நூல் அந்த உணர்வைப் பரவலாக்கியது.

ஆனால் இந்த அறிவு எளிதில் பட்டியலாகிவிடுகிறது: இன்ன இனத்தவர் வலியை மிகைப்படுத்துவார்கள், இன்ன இனத்தவர் மனத்தைத் திறக்கமாட்டார்கள். மருத்துவர்களான மெலனி டெர்வலானும் ஜான் மர்ரே-கார்சியாவும் 1998இல் எழுதிய கட்டுரையில் ஒரு நிகழ்வு வருகிறது. அறுவைசிகிச்சை முடிந்து சில மணிநேரமே ஆன லத்தீன் அமெரிக்கப் பெண் ஒருவர் வலியில் முனகுகிறார். அவர் மிகுந்த வலியில் இருப்பதாகத் தெரிகிறதே என்று அதே மரபைச் சேர்ந்த மருத்துவர் சொல்கிறார். ஆப்பிரிக்க அமெரிக்கச் செவிலியரோ, பல்பண்பாட்டு மருத்துவம் குறித்துத் தாம் பயின்றிருப்பதாகவும், அந்த இனத்தவர் வலியை மிகையாக வெளிப்படுத்துவார்கள் என்பது தமக்குத் தெரியும் என்றும் கூறி அதைத் தள்ளிவிடுகிறார். அவர் கற்ற பண்பாட்டு அறிவே கண்முன் கிடந்த நோயாளியை மறைத்துவிட்டது. அக்கட்டுரை ஆசிரியர்கள் வலியுறுத்தியது, பண்பாட்டைக் கற்றுத் தேர்ந்துவிட்டதாக எண்ணாமல் வாழ்நாள் முழுதும் கேட்டுக் கற்கும் பணிவை.

உங்கள் குடும்பத்துக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது என்று எண்ணுகிறேன். "நெருக்கம் உங்கள் பண்பாடு" என்று ஒருவர் பெருந்தன்மையோடு விட்டுவிட்டாலும் தவறுதான். குடியேறிய குடும்பங்களோடு பணியாற்றிய சீலியா ஃபாலிகோவ், இனமரபோடு வாழும் சூழல், புலம்பெயர்ந்த பயணம், குடும்ப அமைப்பு, வாழ்க்கைப் பருவம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று 1995இல் ஒரு சட்டகத்தை முன்வைத்தார். அந்தக் கண்ணோடு உங்கள் கடிதத்தை மீண்டும் படித்தபோது எனக்குத் தோன்றியது இது: பிறந்த மண்ணில் ஒரு பெரிய சுற்றம் பகிர்ந்து சுமந்ததையெல்லாம் 18 ஆண்டுகளாக நான்கே பேர் சுமந்திருக்கிறீர்கள். ஒருவருக்கொருவர் பெற்றோராக, பிள்ளையாக இருப்பதோடு அண்டை வீட்டாராக, நண்பராக, மொழிபெயர்ப்பாளராகவும் இருந்திருக்கிறீர்கள். சிகிச்சையாளர் கண்ட பிணைப்பு உங்கள் மரபாகவும் இல்லாமல், நோயாகவும் இல்லாமல், புலம்பெயர்வு உருவாக்கிய நெருக்கடியாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனால், "ஊரைவிட்டு வருமுன் உங்களுக்குள் கருத்து மாறுபட்டால் யாரிடம் போவீர்கள்?" என்று உங்கள் அப்பாவிடம் கேட்டால் அவர் பேசக்கூடும்.

நம் இனத்தவரைத் தேடலாமா என்றால், மொழிக்காகத் தேடலாம். வெட்கப்படுவதும் அழுவதும் பலருக்கு முதல்மொழியில்தான் இயல்பாக வருகின்றன. இனம் ஒன்று என்பதாலேயே புரிதல் வந்துவிடாது. வர்க்கம், சமயம், தலைமுறை ஆகியவை ஒரே இனத்துக்குள்ளும் மனிதர்களைப் பிரிக்கின்றன. எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் அந்தச் சிகிச்சையாளர் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடவும் கூடும். சிறிய சமூகமென்றால், சொன்னது வெளியே போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கும்.

ஒளிந்துகொள்கிறீர்களா என்பதற்கு வருகிறேன். அடி, மிரட்டல், வீட்டைவிட்டு வெளியேறவிடாமல் தடுத்தல் போன்றவற்றுக்கு எந்த மரபும் காப்பாகாது. உங்கள் வீட்டில் அப்படி ஏதேனும் இருந்தால், நான் மேலே எழுதியவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு அதைத்தான் முதலில் சொல்லவேண்டும். இல்லையெனில், உங்கள் தம்பியையும் கேளுங்கள். 'நம் மனிதர்கள்' என்று அப்பா சொல்லும்போது அதில் தம்பி தன்னையும் சேர்த்துக்கொள்கிறானா என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்நாட்டில் வளர்ந்தவனுடைய மரபு, அப்பாவின் மரபேதான் என்று சொல்லிவிட முடியாது.

கென்னத் ஹார்டியும் ட்ரேசி லாஸ்லாஃபியும் 1995இல் வகுத்த ஒரு பயிற்சி உண்டு. மூன்று தலைமுறை உறவுகளைக் காட்டும் குடும்ப வரைபடத்தில் ஒவ்வோர் இன வேருக்கும் ஒரு வண்ணம் கொடுத்து, எதில் பெருமை, எதில் வெட்கம் என்று குறிப்பார்கள். அதை முதன்மையாகச் சிகிச்சையாளர்களின் பயிற்சிக்கென்றே வகுத்தார்கள். அவர்கள் முதலில் வரையவேண்டியது தங்கள் குடும்பத்தை. எனக்கு மிகவும் பிடித்த செய்தி அது.

ஆகவே, இப்போதே உங்கள் சிகிச்சையாளரை விட்டு விலகவேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் கேள்விக்குப் பிறகே அப்பா மௌனமானார் என்பதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்து, உங்கள் பெற்றோரை ஒருமுறை பிள்ளைகள் இல்லாமல் சந்திக்கும்படி கேளுங்கள். கனிவானவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் தவறியது என்று அவர் அறிய விரும்பினால் அவரிடமே தொடரலாம். உங்கள் அப்பாவின் மௌனத்துக்கும் பண்பாட்டின் பெயரால் ஒரு விளக்கம் சொல்லிமுடித்தால், வேறொருவரைத் தேடுங்கள். எதுவானாலும், அடுத்த அமர்வில் உங்கள் தந்தையின் சொற்களை நீங்கள் மொழிபெயர்க்கவேண்டாம்.

அன்புடன்.