எவ்ரிஒன் என்று கொடுத்தும் ஏன் திறக்கவில்லை? வீட்டு நெட்வொர்க் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்து, ‘எவ்ரிஒன்’ என்பதற்கு முழு அனுமதியும் கொடுத்தேன். மனைவியின் மடிக்கணினியில் கோப்புறையின் பெயர் தெரிகிறது. திறக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. எங்கே தவறு?

பதில்: என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். விண்டோஸில் பகிர்ந்த கோப்புறைக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. பண்புகள் பெட்டியில் ‘ஷேரிங்’ பகுதியில் இருப்பது ஒன்று. அது நெட்வொர்க் வழியாக வருபவருக்கு மட்டும். பக்கத்திலேயே ‘செக்யூரிட்டி’ பகுதியில் இருப்பது இன்னொன்று. அது வட்டிலேயே எழுதப்பட்ட என்.டி.எஃப்.எஸ். (விண்டோஸ் வட்டில் கோப்புகளை வைக்கும் அமைப்பு) அனுமதி. வெளியிலிருந்து வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும். இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். ஷேரிங்கில் முழு அனுமதி, செக்யூரிட்டியில் படிக்க மட்டும் அனுமதி என்றால், அவரால் படிக்கத்தான் முடியும்.

நீங்கள் திறந்தது முதல் பூட்டை மட்டும். அந்தக் கோப்புறை உங்கள் பயனர் கணக்கின் ‘டாக்குமென்ட்ஸ்’ உள்ளே இருந்தால், இரண்டாவது பூட்டின் சாவி பெரும்பாலும் உங்களிடமும் நிர்வாகிக் கணக்கிடமும்தான் இருக்கும். பகிர்வதற்கென்றே தனியாக ஒரு கோப்புறையை வட்டின் மேல்மட்டத்தில் உருவாக்குங்கள். ஷேரிங் பூட்டைத் தளர்வாக விட்டு, யாருக்கு என்ன என்பதைச் செக்யூரிட்டி பகுதியில் மட்டும் தீர்மானியுங்கள். இரண்டு இடத்திலும் கணக்கு வைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

சந்தேகம் வந்தால் செக்யூரிட்டியில் ‘அட்வான்ஸ்டு’ பொத்தானை அழுத்தி ‘எஃபெக்டிவ் ஆக்சஸ்’ பகுதிக்குப் போங்கள். மனைவியின் கணக்கைத் தேர்ந்தெடுத்தால், படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்று வரிசையாகக் காட்டும். யூகிப்பதை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்.

கேள்வி: கடவுச்சொல் கேட்கும் பகிர்வையே நிறுத்திவிட்டால் எல்லாம் எளிதாகிவிடுமே? வீட்டு ஆட்கள்தானே?

பதில்: வேண்டாம். வீட்டு ஆட்கள்தான், ஆனால் உங்கள் வைஃபையில் இருப்பவை வீட்டு ஆட்கள் மட்டுமல்ல. விருந்தாளியின் மடிக்கணினியும் தொலைக்காட்சியும் அதே வலையில்தான் இருக்கின்றன. கடவுச்சொல் இல்லாத பகிர்வில் யார் எதை அழித்தார்கள் என்று பிறகு கண்டுபிடிக்கவும் வழியில்லை. ஆளுக்கொரு கணக்கு உருவாக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் ‘ப்ரோ’ வகையிலும், விருந்தினராகக் கடவுச்சொல் இன்றி வேறு கணினிக்குள் நுழைவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: சரியான பின் எண்ணைத்தான் போடுகிறேன். ஏற்க மறுக்கிறது.

பதில்: பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து நுழைவதற்கு மட்டுமே. நெட்வொர்க் வழியாக வரும்போது கணக்கின் கடவுச்சொல்லைத்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: பகிர்ந்த கோப்புறையில் நாற்பது படங்கள் இருக்கின்றன. முப்பத்தெட்டைத் தம்பியால் திறக்க முடிகிறது, நேற்று நான் சேர்த்த இரண்டை மட்டும் முடியவில்லை. ஒரே கோப்புறைதானே?

பதில்: அந்த இரண்டையும் வெட்டி ஒட்டினீர்களா, நகலெடுத்து ஒட்டினீர்களா? வெட்டியிருப்பீர்கள். நகல் என்பது புதிதாகப் பிறக்கும் கோப்பு; போய்ச் சேரும் கோப்புறையின் அனுமதிகளை வாங்கிக்கொள்ளும். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் கோப்பு உண்மையில் இடம் பெயர்வதில்லை, அதன் முகவரி மட்டும் மாறுகிறது. அதனால் பழைய வீட்டு அனுமதிகளையே உடன் கொண்டுவந்துவிடும். வேறு டிரைவிலிருந்து வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே நகர்த்துவதும் நகலெடுத்துப் பழையதை அழிப்பதுதான்.

இரண்டு கோப்புகள்தானே, நகலெடுத்து ஒட்டிவிட்டுப் பழையவற்றை நீக்குங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால், மேல் கோப்புறையின் ‘அட்வான்ஸ்டு’ பெட்டியில், உள்ளே இருப்பவை எல்லாவற்றுக்கும் இதே அனுமதியைப் புதிதாகப் பதிக்கும் தேர்வு இருக்கிறது. உள்ளே ஏதாவது துணைக்கோப்புறைக்குத் தனி அனுமதி வைத்திருந்தால் அதுவும் அழிந்துபோகும். அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் படங்களைப் பார்க்கலாம், அழிக்கக் கூடாது. ‘டினை’ (மறுப்பு) கட்டத்தில் குறியிடலாமா?

பதில்: ‘டினை’ பக்கமே போகாதீர்கள். அவள் கணக்குக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். கொடுக்காத அனுமதி இல்லாத அனுமதிதான். அவள் இருக்கும் குழுவுக்கு எழுதும் அனுமதி இருந்தால் அதை நீக்குங்கள், இல்லையேல் அதன் வழியாக அவளுக்கும் கிடைத்துவிடும். ஒரே மட்டத்தில் மறுப்பும் அனுமதியும் மோதினால் மறுப்பே வெல்லும். ‘யூசர்ஸ்’ என்ற குழுவுக்கு மறுப்பு வைத்தீர்களானால், அந்தக் குழுவில் நீங்களும் இருப்பதால் உங்களுக்கும் கதவு சாத்தப்படும். ஒருமுறை எங்கள் வீட்டுப் படக் கோப்புறையை இப்படிப் பூட்டிவிட்டு, காரணம் புரியாமல் ஒரு மாலை முழுவதும் தவித்திருக்கிறேன்.

கேள்வி: அனுமதியை மாற்றிய பிறகும் பழைய நிலைதான். வேறு பயனர் பெயரைக் கொடுத்தால் பிழை வருகிறது.

பதில்: ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் இணைய விண்டோஸ் விடாது. பெயர்களையும் கடவுச்சொற்களையும் விண்டோஸ் சேமித்து வைக்கும் ‘கிரெடென்ஷியல் மேனேஜரில்’ இருக்கும் பழைய பெயரை நீக்கி, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். புதிதாகக் குழுவில் சேர்த்திருந்தாலும் மீண்டும் நுழைந்தால்தான் அது நடப்புக்கு வரும்.

கேள்வி: என் பழைய நெட்வொர்க் ஹார்டு டிஸ்க், எஸ்.எம்.பி. 1 (நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் நெறிமுறையின் பழைய பதிப்பு) இருந்தால்தான் வேலை செய்கிறது. அதை இயக்கலாமா?

பதில்: இயக்காதீர்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற நிரல் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு மார்ச் மாதமே மைக்ரோசாப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகள் விழுந்தன. சாதனத்தின் மென்பொருளைப் புதுப்பித்து எஸ்.எம்.பி. 2 அல்லது 3 கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பவற்றை வேறு வட்டுக்கு மாற்றிவிட்டு அதற்கு ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: லினக்ஸ் கணினியில், விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர உதவும் சம்பா மென்பொருளை நிறுவினேன். என் லினக்ஸ் கடவுச்சொல்லை ஏற்கவில்லை.

பதில்: சம்பா தனக்கெனத் தனிக் கடவுச்சொல் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் உங்கள் பயனரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். முதல் கேள்விக்குச் சொன்ன இரண்டு பூட்டு இங்கேயும் உண்டு: சம்பா அமைப்பில் எழுத அனுமதித்தாலும், கோப்புறையின் லினக்ஸ் அனுமதி விடாவிட்டால் எழுத முடியாது.

கேள்வி: ஒரு கணினியில் வைரஸ் நுழைந்தால் பகிர்ந்தவையும் போய்விடுமா?

பதில்: அந்தக் கணினியில் இருப்பவர் எதிலெல்லாம் எழுத முடியுமோ அதிலெல்லாம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரலும் எழுத முடியும். அதனால்தான் எங்கள் வீட்டில் படக் கோப்புறை எல்லோருக்கும், எனக்கும்கூட, படிக்க மட்டுமே. புதுப் படங்களைச் சேர்ப்பதற்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. வேலை முடிந்ததும் அதிலிருந்து வெளியேறிவிடுவேன். காப்பு நகல் இருக்கும் ஹார்டு டிஸ்க்கை நகலெடுக்கும் நேரத்தில் மட்டும் செருகுகிறேன். மற்ற நேரத்தில் அது அலமாரியில் இருக்கிறது.