கண்டிகோட்டா வேண்டாம், மாத்தூர் போங்கள்

அண்ணாச்சி, துபாயிலிருந்து வந்திருக்கும் தங்கச்சி குடும்பத்தோடு நாகர்கோவிலிலிருந்து ஒரே நாளில் கண்டிகோட்டா போய் வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெண்ணாறு அறுத்த அந்தப் பாறைப் பள்ளத்தாக்கு அழகுதான். ஆனால் அது ஆந்திராவில், கடப்பா மாவட்டம். போய்ச் சேரவே ஒரு நாள் ஓடிவிடும், மூட்டுவலியுள்ள அம்மாவுக்குத் தாங்காது.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்திலேயே, திருவட்டாறு பக்கம் இருக்கிற மாத்தூர் தொட்டிப்பாலம் போங்கள். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்கும், பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகும் தொட்டி போன்ற கால்வாய், 1966-ல் கட்டியது. ஓரத்து நடைபாதை ஒடுக்கம், பிள்ளைகள் கையை விடாதீர்கள். நடுவில் நின்று குனிந்தால் தென்னையின் கொண்டை காலுக்குக் கீழே தெரியும். எனக்கு இன்னமும் உள்ளங்கால் கூசும். அம்மாவை ஆற்றங்கரைப் படிக்கட்டில் ஏற்றவே வேண்டாம், பாலத்தின் மட்டத்துக்கே வரும் ரோட்டைக் கேட்டுப் போங்கள். அப்புறம், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள்.