கிடாக்கறியா, பெட்டைக்கறியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கிடாக்கறியில்தான் சத்து அதிகம் என்று கறிக்கடைக்காரர் கூடுதல் விலை சொல்கிறார். உண்மையா? என் கணவருக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பெட்டை ஆட்டுக்கறியை ஒதுக்க வேண்டுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சத்துக்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்க வேண்டாம், அம்மா. கொழுப்பு நீக்கிய பச்சை வெள்ளாட்டுக்கறி 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம், 2 முதல் 3 கிராம் கொழுப்பு, ஏறத்தாழ 110 கலோரி இருக்கும். புரதத்தில் கிடாவுக்கும் பெட்டைக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

மாறுவது கொழுப்பு. ஒரே வயது, ஒரே தீனி என்றால் பெட்டையும் காயடித்த கிடாவும் சீக்கிரம் கொழுப்பு வைக்கும். காயடிக்காத கிடாவில் ஆண் ஹார்மோன் சதையைத்தான் வளர்க்கும். ஆனால் வெள்ளாடு கொழுப்பைப் பெரும்பாலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் குடலை மூடிய சவ்விலும் சேர்த்து வைக்கும், சதைக்குள் குறைவுதான். அதனால் அந்த வெள்ளைக் கட்டியையும் சவ்வையும் எடுத்துவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். பெட்டைக்கும் கிடாவுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அதோடு போய்விடும்.

கொலஸ்ட்ரால் வேறு கணக்கு. அது கொழுப்பில் மட்டுமல்ல, சதையின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. பச்சைக்கறி 100 கிராமில் 60 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. எந்த ஆடானாலும் இதையொட்டித்தான் இருக்கும். ஈரலில் இதைப்போல் பல மடங்கு, மூளையில் இன்னும் அதிகம். உங்கள் கணவர் ஒதுக்க வேண்டியது அவற்றைத்தான். இரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றுவதில், குளிர்ந்தால் கட்டியாகும் நிறைகொழுப்புக்குத்தான் பெரிய பங்கு என்பதால் குழம்பில் ஊற்றும் தேங்காய்ப்பாலையும் குறையுங்கள். குழம்பை இரவு ஐஸ்பெட்டியில் வைத்தால் காலையில் மேலே கொழுப்பு வெள்ளைத் தட்டாக இறுகி நிற்கும். கரண்டியால் அப்படியே பெயர்த்து எடுத்துவிடலாம்.

இன்னொன்று: உறைந்த பெட்டியில் ‘மட்டன்’ என்று வருவது பெரும்பாலும் ஆஸ்திரேலியச் செம்மறி. அது வெள்ளாட்டைவிடக் கொழுப்பு கூடியது. மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது.

கேள்வி: மகளுக்கு இரத்தச் சோகை. கிடாக்கறி சூப் வைத்துக் கொடுத்தால் இரத்தம் ஊறுமா?
– வாசகர், பீடோர்

பதில்: கறியில் இரும்புச்சத்து உண்டு, 100 கிராமில் ஏறக்குறைய 3 மில்லிகிராம். அதைத் தீர்மானிப்பதில் கிடாவா பெட்டையா என்பதைவிட வயதுக்கே பங்கு அதிகம். வளர்ந்த ஆட்டின் கறி கருஞ்சிவப்பாக இருப்பது இரும்பு கலந்த நிறமிப் புரதம் கூடுவதால்தான். சூப்பின் நீரை மட்டும் குடித்தால் போதாது, இரும்பில் பெரும்பங்கு கறித்துண்டில் தங்கிவிடும். கறியைச் சாப்பிட வையுங்கள், எலுமிச்சையும் பிழியலாம். சோற்றோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடலில் சேரவிடாது. மருத்துவர் கொடுத்த இரும்பு மாத்திரையைக் கறிக்காக விட்டுவிடக் கூடாது.

கேள்வி: முனியாண்டி பூசைக்கு வெட்டிய கிடாவின் கறி மொச்சை அடிக்கிறது, வேகவும் மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தாப்பா

பதில்: பருவம் வந்த, காயடிக்காத கிடாவின் கொழுப்பில் சில கொழுப்பு அமிலங்கள் சேர்வதால் வரும் வாடை அது. மஞ்சள் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது; கொழுப்பை அரிந்து எடுத்தால்தான் குறையும். கொம்புக்குப் பின்னால் வாடைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஆகவே தோலுரித்த கையாலும் கத்தியாலும் கறியைத் தொட்டால் வாடை அதிலும் ஏறும். கையைக் கழுவி, கத்தியை மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். கீழ்த்தாடையில் இரண்டு பெரிய பல் என்றால் ஒரு வயதைத் தாண்டியது, எட்டும் முளைத்திருந்தால் நான்கு வயதையொட்டியது. எட்டுப் பல் கிடாவின் இணைப்புத் திசு இறுகியிருக்கும். எண்ணெயில் வறுத்தால் ரப்பராகிவிடும். மூடி போட்டு, சிறு தீயில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேகவிடுங்கள். புளியையும் தக்காளியையும் கறி பாதி வெந்தபின் சேருங்கள்.